துப்பாக்கி லைசென்ஸும் பாதுகாப்புப் பயிற்சியும்

மலையடிவாரத்து ஊர்களில் வேர்க்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப் பன்றியின் தொல்லை புதியதன்று. கூட்டமாக ஓர் இரவு இறங்கினால், பொழுது விடிவதற்குள் ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. தகரத்தைத் தட்டியும், பழைய சேலைகளை வேலியாகக் கட்டியும் சலித்துப்போன குடியானவர், "எனக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸுக்கு வழி செய்யுங்கள்" என்று பஞ்சாயத்துத் தலைவரிடமோ அங்கத்தினரிடமோ வந்து நிற்பது வழக்கமே. அவருக்கு என்ன விடை கூறுவது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். குறிப்பாக, லைசென்ஸ் பெறுவதற்கு முன் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய மற்றொரு காகிதம் அது, யாரிடமாவது கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். இதைப் பற்றியே நாம் இங்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

1959-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம், ஆங்கிலேயர் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. பயிரைக் காப்பதற்கு உண்மையாகவே தேவைப்படுமாயின், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க இச்சட்டத்தின் 13-வது பிரிவு இடமளிக்கிறது. அது போதாதென்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள வேறு துப்பாக்கிக்கும் வழங்கலாம். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அருகிலுள்ள போலீஸ் நிலையத்தின் அறிக்கை கேட்டுப் பெறப்படும். இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகளே.

2016 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ஆயுத விதிகளில்தான் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆயுதங்களையும் தோட்டாக்களையும் பாதுகாப்பாகக் கையாளுதல், எடுத்துச் செல்லுதல், சுடும் முறை, துடைத்துப் பேணுதல், வீட்டில் பூட்டி வைத்தல் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் கற்க வேண்டும். கற்றுத் தேர்ந்தமைக்கு எஸ்-1 என்னும் படிவத்தில் அவர் சான்று அளிப்பார். உடல் நலமும் மன நலமும் குறித்து மருத்துவர் தரும் சான்று இதனின்றும் வேறானது. அதற்கு எஸ்-3 படிவம். இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்பி, அலுவலகத்துக்கு வீண் நடை நடப்பவர் உண்டு.

"என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, எனக்கு யார் கற்றுத்தர வேண்டும்?" என்று கேட்பவரும் உளர். பழக்கம் உள்ளவர்க்கே ஆபத்து அதிகம் என்பது எம் கருத்து. புதியவர் அஞ்சி அஞ்சித் தொடுவார். பழகியவரோ மண்வெட்டியை எடுப்பதுபோல எடுப்பார்.

நாட்டு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். இதில் மருந்தையும் ரவையையும் குழல்வாய் வழியே இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஆதலால், துப்பாக்கியின் மிக அபாயமான முனைக்கு நேரே கையும் முகமும் செல்லும்படி நேர்கிறது. முதல் வெடியின் கங்கு குழலின் அடியில் கனன்றுகொண்டிருக்கும்போது அவசரப்பட்டு இரண்டாம் முறை மருந்து கொட்டினால், அது கொட்டும்போதே பற்றிக்கொள்ளும். மேலும், கெட்டித்தோமா இல்லையா என்று ஐயம் ஏற்பட்டு, முன்னைய மருந்தின் மேலேயே மறுபடி கெட்டித்தவர்கள் உண்டு. அவ்வாறு இரட்டை மருந்து ஏறினால் குழல் வெடித்துச் சிதறக்கூடும். இதற்கு எளிய உபாயம் ஒன்று இருக்கிறது. வெறும் குழலில் கோல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, சரியாகக் கெட்டித்த குழலில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, கோலில் இரண்டு கோடுகள் கீறி வைத்துக்கொண்டால் போதும். கோலை விட்டுப் பார்த்தவுடன் உண்மை தெரிந்துவிடும்.

விசையை இழுத்தும் வெடிக்காமற் போவது மற்றோர் இடர். மருந்து ஈரம் பட்டிருந்தால் இது அடிக்கடி நிகழும். அப்போது துப்பாக்கியைத் திருப்பி, குழலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்றே கை துடிக்கும். ஆனால் உள்ளே தீ மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கலாம். சில விநாடி கழித்து வெடிக்கலாம். தோட்டாத் துப்பாக்கியாயின் குறைந்தது 30 விநாடியும், மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியாயின் ஒரு நிமிடத்துக்குக் குறையாமலும், ஆளில்லாத திசையை நோக்கி அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். படித்து அறிந்தால் மட்டும் இந்தப் பொறுமை வந்துவிடாது. பயிற்சியாளர் அருகில் நின்று, கை அசையாதபடி பார்த்துக்கொண்டால்தான் வரும்.

பல நாள் தொடாமல் வைத்திருந்த துப்பாக்கியின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வரப்பில் சறுக்கி விழும்போது குழல்வாயில் சேறு அப்பிக்கொள்வதும் உண்டு. இவ்வாறு குழல் அடைபட்டிருக்கச் சுட்டால், குழல் பிளந்து சுட்டவரையே காயப்படுத்தும். வேலியைத் தாண்டும்போதும், வாய்க்காலைக் கடக்கும்போதும், பரணில் ஏறும்போதும் தோட்டாவைக் கழற்றிய பின்னரே ஏற வேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துவதும் இத்தகைய காரணங்களாலேயே. எந்தத் துப்பாக்கியையும் மருந்துள்ளதாகவே கருத வேண்டும். அதன் வாயை எவர் பக்கமும் திருப்பலாகாது. சுடத் துணியும் வரை விசையில் விரல் படலாகாது.

குறி பார்ப்பதைக் காட்டிலும் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். சிறு ரவை 200 மீட்டர் வரை செல்லும். பெரிய ரவையோ அரைக் கிலோ மீட்டரையும் தாண்டிச் செல்லும். நம் வயல்களின் அளவை எண்ணிப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தின் எந்த மூலையில் நின்று சுட்டாலும் ரவை அந்த நிலத்துக்குள் அடங்குவதில்லை. இருட்டில் சோளத்தட்டை அசைகிறது; பன்றி என்று எண்ணுகிறோம். இரவு மின்சாரம் வந்தவுடன் மோட்டார் போட வந்த பக்கத்து வயல்காரராகவும் அது இருக்கலாம். உருவம் தெளிவாகத் தெரியாமல், ஓசையை நம்பிச் சுடலாகாது என்னும் ஒரே பாடத்துக்காகவேனும் பயிற்சிக்குச் செல்லலாம்.

வீட்டில் வைக்கும் முறையைப் பற்றியும் கூற வேண்டும். கூரை எறவானத்தில் செருகி வைப்பதும், நெற்குதிருக்குப் பின்னால் சாய்த்து வைப்பதும் பழைய வழக்கங்கள். பிள்ளைகள் அறியாத மறைவிடம் வீட்டில் ஏதும் இல்லை என்பதைப் பெற்றோர் அறிவர். மருந்து அகற்றிய துப்பாக்கியை ஒரு பூட்டிலும், தோட்டாவையும் மருந்தையும் வேறொரு பூட்டிலும் வைத்து, சாவியைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் மருந்தை வைத்தல் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தந்தையின் துப்பாக்கியை மகன் எடுத்துக்கொண்டு காவலுக்குச் செல்வது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படுவது. லைசென்ஸ் தந்தையின் பெயரில் உள்ளதேயன்றி வீட்டின் பெயரில் இல்லை. 70 வயது நிறைந்தவரோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தவரோ தம் வாரிசுக்கு அதை மாற்றித் தரக் கோரலாம் என விதிகள் கூறுகின்றன. ஆனால் வாரிசு தாமே விண்ணப்பித்து லைசென்ஸ் பெற வேண்டும். லைசென்ஸின்றி வைத்திருப்பவர்க்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது 2 ஆண்டுகள் முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. திருமணத்திலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர்க்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டதாகும்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறிவிடுவது நலம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தது என்பதால் விலங்கைச் சுட அனுமதி கிடைத்ததாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பயிருக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கை வேட்டையாடத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ தனியாக அனுமதி அளிக்க வேண்டும். மயில், யானை போன்றவை முதல் அட்டவணையில் உள்ளவை. பயிர்ச் சேதத்தைக் காட்டி அவற்றைச் சுட இயலாது. அண்டை மாநிலமான கேரளத்தில் காட்டுப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. அதைக் கேள்வியுற்று, இங்கும் பஞ்சாயத்தின் சொல்லே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் மாநிலத்தில் வனத்துறையையே நாட வேண்டும். ஆகவே, தம்மிடம் வருபவருக்கு உண்மையிலேயே துப்பாக்கிதான் தேவையா என்று அங்கத்தினர் முதலில் கேட்டறிதல் தகும். சேதத்தை உடனே வனத்துறைக்கு அறிவித்து இழப்பீடு கோருவதே பலருக்குப் பயன் தரக்கூடும்.

அப்படியும் தேவையென்றால், பஞ்சாயத்து செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் எங்கே இருக்கிறார், கட்டணம் என்ன, எத்தனை நாள் என்பவற்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் லைசென்ஸ் பிரிவில் கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். விண்ணப்பிக்க விரும்பும் நாலைந்து பேர் இருந்தால் அறுவடை ஓய்ந்த காலத்தில் ஒன்றாகச் சென்று வரச் செய்யலாம். பயிற்சிக்கே செல்லாமல் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் ஊருக்குள் வந்தால், அவர்களுக்கு இடங்கொடாமல் இருப்பதும் அங்கத்தினர் பொறுப்பே. எல்லாம் முறைப்படி செய்தும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். சட்டத்தின் 18-வது பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம்.