பணிபுரிவோரும் இணையவழிக் கல்வியும்

கல்லூரி வளாகத்துள் நுழையாமலே பட்டம் பெறும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. 1858-ஆம் ஆண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகம் தன்னிடம் நேரில் பயிலாதோருக்கும் தேர்வெழுத வாயில் திறந்தது. இந்தியாவில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரை 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் அவ்வழியைப் பின்பற்றின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அஞ்சற்காரர் கொணர்ந்த பாடப் பொதியைப் படித்துப் பட்டம் பெற்று, பணி உயர்வும் அடைந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் நம்மிடையே பலர் உளர்.

இன்று அப்பொதியின் இடத்தைக் கைப்பேசி பெற்றுள்ளது. இதனால் யாருக்கு என்ன பயன் என்பதை நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைக் கொண்டே பார்ப்போம்.

பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய கோயிலாலும் அதிலுள்ள ஓவியத்தாலும் பெயர்பெற்றது பனமலை. கலை வரலாறு பயில்வோர் அவ்வூரைத் தேடி வருவர். அவ்வூர்ப் பிள்ளைகளோ பட்டப்படிப்பிற்கு விழுப்புரமோ திண்டிவனமோ செல்லவேண்டும். அவ்விரு நகரங்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆயினும் பகலெல்லாம் கடையில் நிற்பவர்க்கும், கூலி வேலைக்குச் செல்பவர்க்கும், திருமணத்தால் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கும் பேருந்து வசதி மட்டும் போதாது. வகுப்பு நடக்கும் நேரம் அவர்களுடைய நேரமாக இல்லை. இரவு பத்து மணிக்குக் கேட்கத்தக்க பாடமே அவர்களுக்கு உதவும்.

2017 சூலையில் நடுவண் அரசு தொடங்கிய 'சுவயம்' அத்தகையது. காணொளிப் பாடம், படிப்பதற்குரிய குறிப்புகள், ஐயம் கேட்கும் மன்றம், தன்மதிப்பீட்டு வினாக்கள் என்னும் நான்கு கூறுகளால் ஆனது அது. பாடத்தைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வெழுதலாம். ஐ.ஐ.டி.கள் இணைந்து நடத்தும் 'என்பிடெல்' பாடங்களும் இதன்வழிக் கிடைக்கின்றன. அவற்றில் வார ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்படுகிறது. தேர்வு மையத்திற்கு நேரில் செல்லவேண்டும் என்பதைப் பலர் கடைசி வாரத்திலேயே உணர்கின்றனர். முதலாளியிடம் அந்நாளுக்கான விடுப்பை முன்னரே கேட்டு வைப்பது நன்று. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பும் இவ்வாறே: பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். இதற்கு வயது வரம்பு இல்லை என்பது நாற்பதைக் கடந்தோர்க்கு இனிய செய்தி.

எனினும் நாம் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பத்தாம் வகுப்போடு நின்றவர் நேரே ஒரு பட்டத்தில் சேர்ந்துவிடத் துடிக்கிறார். வயதை மட்டும் கருதித் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொண்ட காலமும் உண்டு. ஆனால் முறையான முதற்பட்டம் இன்றித் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை உச்ச நீதிமன்றம் 2009-இல் ஏற்க மறுத்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையானது, அதன்பின் பட்டம் என்னும் வரிசையையே கேட்கிறது. மூன்றாண்டு உழைத்துப் பெற்ற பட்டம், இடையில் ஒரு படி விடுபட்டமையால் அரசுப் பணிக்கு உதவாமற் போவதினும் வேதனை உண்டோ?

விடுபட்ட படியைக் கட்ட வழி இருக்கிறது. தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுதலாம். அன்றி, 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். அங்கு ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. ஒரு பருவத்தில் இரண்டு பாடம், மறு பருவத்தில் ஒன்று என, வேலையின் நெருக்கடிக்கேற்பத் தேர்ச்சி பெற்றுச் சேர்த்துக்கொள்ளலாம். இதை அறிந்தோர் நம் பகுதியில் மிகச் சிலரே என்பது நம் எண்ணம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஏற்புபெற்ற இணையவழிப் பட்டம் நேர்முறைப் பட்டத்திற்கு நிகரானது. ஏற்பு என்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டுமன்று. குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட ஆண்டுக்கும் உரியது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் அப்பட்டியலை வெளியிடுகிறது. பொறியியற் பட்டத்தையும் மருத்துவப் பட்டத்தையும் இம்முறையில் வழங்க அனுமதியில்லை. படிப்பு மையங்களை உரிமம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்கவும் விதி இடந்தரவில்லை. ஆதலின் கடைத்தெரு மாடியில் பெயர்ப்பலகை மாட்டி, 'ஓராண்டில் பட்டம்' என்று பணம் கேட்பவரிடம் ஏமாறலாகாது. இளநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக மூன்றாண்டு ஆகும்.

வளைகுடா நாடுகளினின்று மீண்டு ஊரில் தங்கிவிட்டோரும், மகளின் கைப்பேசியில் பாடம் கேட்கும் தாய்மாரும் முதலில் பழைய பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுக்கட்டும். எந்த வகுப்பில் நின்றது என்பது தெரிந்தபின், எங்குத் தொடங்குவது என்பதைச் சொல்ல நம் கல்லூரி ஆசிரியர் எவரும் தயங்கார். தேர்வுக் கட்டணத்தைப் பெரியோர் ஏற்பின் இன்னும் பலர் சேர்வர்.