கிளம்பாத டிராக்டரும் கீழே நிற்கும் மனிதனும்

நாற்றைப் பறித்து முடிகட்டி வரப்பில் வைத்தாகிவிட்டது, நடவாட்களும் வந்து காத்திருக்கிறார்கள், சாவியைத் திருப்பினால் டிராக்டரோ 'டிக்' என்ற ஓர் ஓசையோடு மௌனம் சாதிக்கிறது என்னும் சமயத்தில், விவசாயியின் கை ஸ்குரூடிரைவரைத் தேடிப் போவது சர்வசாதாரணம். கீழே நின்றபடியே செல்ஃப் மோட்டாரின் முனைகளை அந்த இரும்பால் இணைத்து, பொறி பறக்க எஞ்சினைக் கிளப்பும் வித்தையைச் சாமர்த்தியமென்று மெச்சுகிறவர்களும் உண்டு. ஆனால் கிளச்சை மிதிக்காமலோ நியூட்ரலில் போடாமலோ வண்டி கிளம்பக்கூடாதென்று வைத்திருக்கும் காப்புச் சுவிட்சை இந்த வித்தை தாண்டிவிடுவதால், கியரில் கிடக்கும் வண்டி கிளம்பிய மாத்திரத்தில், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்கும் மனிதன் மீதே ஏறிவிடும். பழுதான அச்சுவிட்சை மாற்றாமல் கம்பியை நேராக இணைத்துக் கொடுக்கும் மெக்கானிக், எவ்வளவு கைராசிக்காரராயினும், நமக்கு உபகாரம் செய்தவரல்லர்.

இருக்கையில் அமர்ந்து, நியூட்ரலில் போட்டு, கிளச்சை முழுக்க மிதித்துச் சாவியைத் திருப்பிய பின்னும் வெறும் 'டிக்' ஓசைதான் என்றால், முதற் சந்தேகம் பேட்டரியின் மேல். முனைகளில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருமாதலால் அருகே பீடி ஆகாது. நிறைய சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

மோட்டார் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையானால் தேட வேண்டியது டீசலை. ஸ்டாப் நாப் இழுத்தபடியே இருப்பதைக் கவனியாமல் அரைநாளை வீணாக்கியவர்கள் உண்டு. டீசல் தீர்ந்து, ஊற்றிய பின்னும் கிளம்பாவிட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கும். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்குமேல் செல்ஃப் அடிப்பது மோட்டாரைக் கருக்கிவிடும்.

புதிய வண்டியே அடிக்கடி இப்படிப் படுத்துக்கொண்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். சுயதொழிலாய் ஜீவனத்துக்கென்று வாங்கிய டிராக்டர் வியாபார நோக்கத்தில் அடங்காது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரையில் கட்டணமில்லை, அதற்குமேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். சர்வீஸுக்கு விடுந்தோறும், 'இனி ஓடும், போங்கள்' என்ற வாய்வார்த்தையோடு திரும்பாமல், பழுதும் தேதியும் குறித்த ஜாப் கார்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, வாரண்டி புத்தகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.