அடுப்பும் இல்லமும்

ஓர் இல்லத்தார் வாழ்ந்த முறையை அவர்தம் அடுக்களை காட்டிவிடும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், வெத்தியர் இல்லம் எனும் செல்வர் மாளிகை 1894-95இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் விருந்து மண்டபச் சுவர்களில் ஓவியங்கள் ஒளிர்கின்றன. சமையலறையோ மிகச் சிறிது. அங்கே கட்டடத் திட்டாய் அமைந்த அடுப்பின்மேல் இரும்பு முக்காலிகளும் வெண்கலக் கலங்களும் கிடைத்தன. அப்புகையில் உழன்றோர் அடிமைகள். விருந்துண்டோர் அதனை அறியார்.

இதனையொத்த நிலையை நம் ஊவா மலைநாட்டிலும் காண்கிறோம். தெமோதரை முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில், பிரித்தானியர் காலத்து லயங்களில் ஒரு குடும்பத்திற்கு வாய்த்தது, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்புமே. அடுக்களை தனியே வகுக்கப்படாமையின், காம்பராவின் மூலையிலோ இஸ்தோப்பிலோ விறகடுப்பு அமைந்தது. புகைபோக்கி இல்லாத இடத்தில் புகை கூரையிற் படிந்தது; துயிலும் குழந்தையின் மூச்சிலும் கலந்தது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற தாய், நாடோறும் அதனையே சுவாசித்தாள்.

உரோமர் நாட்டிலும் ஊவாவிலும் அடுப்பின் இடத்தை வகுத்தவர் அதன்முன் அமர்ந்தவரல்லர். ஆதலின், தோட்டங்களில் புதிய வீடுகள் அமைக்க முற்படுவோர் முதலிற் கேட்டறிய வேண்டியது அடுப்பூதும் பெண்ணின் கருத்தேயாம்.