மின்காப்புக்கும் மூப்பு உண்டு

வீடு கட்டும்போது சுவருக்குள் புதைக்கப்பட்ட மின்கம்பியைப் பிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது என்ற திருப்தியிலேயே இருபது முப்பது வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. ஆனால் விளக்கு எரிவது உள்ளிருக்கும் செம்பின் நலத்துக்குச் சாட்சியே தவிர, அதைப் போர்த்தியிருக்கும் மின்காப்பின் நலத்துக்குச் சாட்சியாகாது. பி.வி.சி. உறையும், பழைய கட்டடங்களில் இன்னும் காணப்படும் ரப்பர் உறையும், உஷ்ணத்தாலும் ஈரத்தாலும் எலியின் பல்லாலும் சிறிது சிறிதாக க்ஷீணித்து, ஒரு நாள் மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடுகின்றன. அவ்வழி மனித உடலின் ஊடே அமைந்தால் பிராணாபாயம். மரச்சட்டத்தின் ஊடே அமைந்தால் தீ விபத்து.

இந்த க்ஷீணத்தை முன்கூட்டியே அறிவதற்கு உள்ள உபாயமே மின்காப்புத் தடைச் சோதனை. வயர்மேன்கள் இதை ‘மெகர் போட்டுப் பார்ப்பது’ என்பார்கள். இங்கிலாந்தில் சிட்னி எவர்ஷெட் என்பவரின் முயற்சியால் 1889-இல் உருவான கையடக்கச் சோதனைக் கருவியின் வழிவந்ததே இந்த மெகர். மெயின் சுவிட்சை அணைத்து, பல்புகளையும் மின்னணுச் சாதனங்களையும் கழற்றி, மற்றச் சுவிட்சுகளையெல்லாம் போட்டு வைத்து, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றுசேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். கைப்பிடியுள்ள பழைய மெகரில் முள்ளை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில் கிடையாது. ஆகவே சுற்றாதபோது அது தட்டின்மேல் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். சுற்றத் தொடங்கியதும்தான் தன் ஸ்தானத்தைத் தேடிச் செல்லும்.

முள் உடனே நிலைபெறுவதுமில்லை. நீண்ட கம்பி சிறிது மின்னூட்டத்தை உட்கொள்ளுவதால், முதலில் தடை குறைவாகத் தோன்றி, பிறகு மெல்ல உயருகிறது. ஒரு நிமிஷம் பொறுத்துப் படிக்கும் அளவே பிரமாணமானது. சோதனை முடிந்ததும் கம்பியில் தங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகே அதைத் தொடலாம்.

500 வோல்ட்டில், ஒரு நிமிஷத்துக்குப் பிறகு, குறைந்தது ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் தடை இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் நிர்ணயித்தன. அந்த எல்லையில் கசியும் மின்சாரம் அரை மில்லி ஆம்பியர் மட்டுமே. ஐந்து வருஷத்துக்கு மிகாத கால இடைவெளியில் மின்னமைப்பைச் சோதிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளின் ஏற்பாடே. 2010-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகளும் இவ்விரண்டையும் அப்படியே ஏற்றன.

இந்தக் கால இடைவெளியில்தான் சோதனையின் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டின் அளவு முதலில் 200 மெகா ஓமாகவும், ஐந்து வருஷம் கழித்து 60 ஆகவும், பிறகு 8 ஆகவும் வந்தால், மூன்றுமே சட்டத்தின் எல்லையைக் கடந்து தேறியவைதாம். ஆயினும் அந்த வரிசையைச் சேர்த்துப் படிப்பவருக்கு, அடுத்த சோதனைக்குள் விபரீதம் நேரலாம் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். தனித்த ஓர் எண் இன்றைய நிலையைச் சொல்கிறது. எண்களின் வரிசையே வீழ்ச்சியின் வேகத்தைச் சொல்கிறது. ஆனால் ஒப்பிடும்போது பருவத்தையும் கவனிக்க வேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் மின்காப்பின் தடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய சுவரோ வேறோர் அளவைக் காட்டும்.

கசிவு நேர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க, இச்சோதனை எதற்கு என்று கேட்கலாம். எர்த்துக்குச் செல்லும் கசிவை மட்டுமே அது அறியும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உறை கருகுவதை அறியாது. அதைக் கண்டறிய அவ்விரண்டுக்கும் இடையேயும் மெகர் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆகையால், வயர்மேன் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று வாய்மொழியாகச் சொல்வதோடு நாம் திருப்தியடையலாகாது. அளவையும் தேதியையும் எழுதி வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு பாதுகாத்து வைத்து, அடுத்த முறை சோதிக்க வருபவரிடம் காட்ட வேண்டும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை. எழுதித் தருவது சோதிப்பவரின் கடமை.