பல்லுக்கு கிளிப் போடலாமா? அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



போன மாதம் போத்தனூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்பவர்கள் சொல்லலாம் என்றதும் ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி எழுந்தார். "பாப்பாவுக்கு பல்லுக்கு கிளிப் போடோணுங்க. 20,000 ரூபாய் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் இருந்து ஒரு குரல்: "ஏனுங்க்கா, மாட்டுக்கு கடன் கேக்கறாங்க, ஸ்கூல் பீஸுக்கு கேக்கறாங்க, சரி. பல்லு அழகுக்கெல்லாமா குழுப் பணத்தைக் குடுக்கறது?"

அந்தத் தாய் சண்டை போடவில்லை. "எட்டாவது படிக்கறாளுங்க. சிரிச்சா கையை வாய்க்கு குறுக்க வெச்சுக்கறா. கிளாஸ்ல டீச்சர் கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சும் எந்திரிக்க மாட்டேங்கறா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விதான். இது அழகுக்கா, ஆரோக்கியத்துக்கா? எந்த வயதில் செய்வது? எவ்வளவு பிடிக்கும்? பல் மருத்துவர்களிடம் கேட்டும், என் வீட்டில் பட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அழகுக்கு மட்டும்தானா?

இல்லை. தெத்துப்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரஷ் உள்ளே போகாது. அந்தச் சந்தில் சோறு தங்கி, சொத்தை விழும், ஈறு வீங்கி ரத்தம் கசியும். முன்பல் மிகவும் துருத்திக்கொண்டு இருக்கும் பிள்ளை சைக்கிளில் இருந்து விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். சிலருக்கு கீழ் முன்பல் மேல் அண்ணத்தில் குத்திப் புண்ணாகும். சிலருக்கு மேல்பல்லும் கீழ்பல்லும் சேராமல் இடைவெளி விழுந்து, முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. இதற்கெல்லாம் கட்டாயம் வைத்தியம் பார்க்க வேண்டும்.

அதே சமயம், கொஞ்சம் வரிசை மாறிய எல்லாப் பல்லும் நோய் அல்ல. ஒரு பக்கம் சிங்கப்பல் எட்டிப் பார்க்கிறது, மெல்ல முடிகிறது, துலக்க முடிகிறது, பிள்ளைக்கும் அதில் கவலை இல்லை என்றால், விட்டுவிடலாம். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்களோ" என்று உறவுக்காரர்கள் சொல்வதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. பிள்ளையைக் கேளுங்கள். ஒன்றரை, இரண்டு வருஷம் கம்பியோடு இருக்கப் போவது பிள்ளைதான்.

பல் ஏன் கோணலாக வருகிறது?

முதல் காரணம் பரம்பரை. தாடை சிறுத்து பல் பெருத்திருந்தால் இடம் பற்றாமல் நெருக்கியடிக்கும். தாடை பெருத்து பல் சிறுத்திருந்தால் சந்து விழும்.

இரண்டாவது காரணம் நாம் அலட்சியமாக விடுவது. "பால் பல்லுதானே, விழுந்து போறதுதானே" என்று சொத்தையை அப்படியே விட்டுவிடுகிறோம். கடைவாய்ப் பால் பல்லைக் காலத்துக்கு முன்னால் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். அடியில் இருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு வழி இருக்காது. அப்படிப் பிடுங்க நேர்ந்தால், அந்த இடத்தைக் காக்க சின்ன வளையம் ஒன்றை மருத்துவர் மாட்டிவிடுவார். அதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது பழக்கம். நிரந்தரப் பல் முளைக்கும் வயதிலும் விரல் சூப்புவது, மூக்கடைப்பால் எப்போதும் வாய்வழியாக மூச்சு விடுவது, விழுங்கும்போது நாக்கால் முன்பல்லைத் தள்ளுவது ஆகியவை பல்லை மெல்ல முன்னால் தள்ளும். விரல் சூப்பும் பிள்ளையை அடித்துத் திருத்த முடியாது. வாய்வழி மூச்சு விடும் பிள்ளையை காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

எந்த வயதில் காட்டுவது?

ஏழு வயது வாக்கில் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லும் சில முன்பற்களும் முளைத்திருக்கும். காட்டினால் உடனே கிளிப் போடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் "இப்ப வேண்டாம், பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்வார்கள்.

கம்பி போடுவதற்குத் தோதான காலம், பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்துவிட்ட 12, 13 வயது. ஆனால் மேல் தாடை, கீழ் தாடை வளர்ச்சியிலேயே கோளாறு இருந்தால், எலும்பு வேகமாக வளரும் பருவத்துக்குள் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிட முன்னதாகவே வந்து முடிந்துவிடும். "பெரியவளானதும் பார்க்கலாம்" என்று தள்ளினால் அந்தக் காலம் கைவிட்டுப் போகும். வளர்ச்சி நின்ற பிறகு தாடையைச் சரி செய்ய ஆபரேஷன்தான் வழி. பல்லை மட்டும் நகர்த்துவதற்கு வயது தடையில்லை. 30, 40 வயதிலும் செய்துகொள்ளலாம்.

என்னென்ன வகை இருக்கிறது?

1. கழற்றி மாட்டும் பிளேட்: ஒன்றிரண்டு பல்லை லேசாகச் சாய்க்க மட்டும் உதவும். செலவு குறைவு. சொன்ன நேரம் முழுக்கப் போட்டால்தான் பலன். டிபன் டப்பாவில் வைத்தே தொலைக்கும் பிள்ளைகள் அதிகம்.

2. தாடை வளர்ச்சிக்கான சாதனம்: கீழ் தாடை உள்ளே போய் மேல்பல் துருத்தியிருக்கும், வளரும் பிள்ளைகளுக்கு மேலும் கீழும் இரண்டு பிளேட் கொடுப்பார்கள். 'ட்வின் பிளாக்' என்பது இதில் ஒன்று. இதற்குப் பிறகு பலருக்கு கிளிப்பும் தேவைப்படும்.

3. மெட்டல் கிளிப்: நாம் எல்லோரும் பார்த்திருக்கும் வெள்ளிக் கம்பி. கோணல் எவ்வளவு இருந்தாலும் தாங்கும். நிலையாக ஒட்டும் வகைகளில் செலவு குறைந்தது இதுதான்.

4. செராமிக் கிளிப்: பல் நிறத்திலேயே இருக்கும். வேலை அதேதான், விலை கூடுதல். மெட்டலைவிட உடையக் கூடியது.

5. உள்பக்கக் கிளிப்: பல்லுக்குப் பின்னால் ஒட்டுவது. வெளியே தெரியாது. செலவு மிக அதிகம். நாக்கில் உரசும், பேச்சு பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

6. அலைனர்: கண்ணாடி போன்ற உறை. ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். மெட்டலைவிட செலவு பல மடங்குகூட ஆகலாம். மருத்துவர் நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், விளம்பரத்தைப் பார்த்து தபாலில் வரவழைத்துப் போடாதீர்கள்.

விலை கூடினால் பல் இன்னும் அழகாக வரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மெட்டல் கிளிப்பே போதும்.

பல் எப்படி நகருகிறது?

போத்தனூர்க்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பல்லில் ஒட்டும் சின்னக் கட்டைகள் பெட்டிகள் மாதிரி. கம்பி தண்டவாளம் மாதிரி. கம்பி போகும் வழியில் பல் மெல்ல நகரும். பல் போய் அமுக்கும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இது உடம்பு செய்கிற வேலை. இடைவெளியை மூடும்போது மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருஷம் ஆகிறது. "ஆறே மாசத்துல நேர் பண்ணிடறோம்" என்று யாராவது சொன்னால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

நல்ல பல்லைப் பிடுங்குவார்களா?

எல்லோருக்கும் இல்லை. இடமே இல்லாதவர்களுக்கு, அல்லது பல் மிகவும் துருத்தியிருப்பவர்களுக்கு, கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை பக்கத்துக்கு ஒன்றாக எடுப்பார்கள். அந்த இடைவெளி பின்னால் மூடிக்கொள்ளும். "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு பார்வை போயிரும்" என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. ஏன் எடுக்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எக்ஸ்ரேயை வைத்து விளக்கச் சொல்லுங்கள்.

கிளிப் போட்ட பிறகு

கிளிப் ஒட்டும்போது வலி இருக்காது. அன்று இரவில் இருந்து மூன்று நான்கு நாள் பல் கூசும், வலிக்கும். களி, தயிர் சாதம், இட்லி, சந்தகை என்று மெத்தென்று கொடுங்கள். கம்பி கன்னத்தில் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

கிளிப் இருக்கும் வரை முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, கல்கோனா, சூயிங்கம் வேண்டாம். கொய்யா, ஆப்பிளை நறுக்கிக் கொடுங்கள். ஒரு கட்டை பிய்ந்தாலும் வைத்தியம் நீளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் துலக்குவது. சாப்பிட்டவுடன் வாய் கொப்பளித்து, காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் கம்பிக்கு மேலும் கீழும் துலக்க வேண்டும். சந்துக்கு சின்ன பிரஷ் தனியாக விற்கிறது. துலக்காமல் விட்டால், கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

எங்கே போவது?

பி.டி.எஸ். முடித்தவர் பல் மருத்துவர். அதற்கு மேல் மூன்று வருஷம் பல் சீரமைப்புப் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவர்தான் இதில் சிறப்பு மருத்துவர். "நீங்க எம்.டி.எஸ்.ங்களா டாக்டர், எந்தப் பிரிவுங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கோவை மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. சொத்தை அடைக்க, பல் எடுக்க, முதல் ஆலோசனை கேட்க அங்கே போகலாம். நம் பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. கோவை நகரில் ஸ்ரீ ராமகிருஷ்ணா பல் மருத்துவக் கல்லூரி, சூலூர் பக்கம் கண்ணம்பாளையத்தில் ஆர்.வி.எஸ். பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரிகளில் பொதுவாக தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மேல்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாகும். கட்டணத்தை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பிளவுபட்ட உதடு, அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழியாக இலவச சிகிச்சை உண்டு. அப்படி யாராவது உங்கள் தெருவில் இருந்தால் வீட்டிலேயே மறைத்து வைக்காமல் அழைத்துப் போங்கள்.

பணக் கணக்கு

இங்கே என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். என் மகனுக்கு 14 வயதில் ஓர் இடத்தில் கிளிப் போட்டோம். முதல் தவணையை வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டேன். மாதாமாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கவில்லை. ஆறாம் மாதம் கையில் காசில்லை, போவதை நிறுத்திவிட்டோம். எட்டு மாதம் கம்பி அப்படியே வாயில் கிடந்தது. கடைசியில் வேறு இடத்தில் கழற்றியபோது நான்கு பல்லில் வெள்ளைத் திட்டு, இரண்டில் சொத்தை. கோணல் பாதி அப்படியே இருந்தது. தப்பு என்னுடையது. முடிக்க வழியில்லாமல் ஆரம்பித்ததுதான் தப்பு.

ஆகவே ஆரம்பிக்கும் முன்பே எக்ஸ்ரே, பல் எடுப்பது, கிளிப், மாதாந்திர வருகை, கடைசியில் ரிடெய்னர் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தவணை உண்டா என்று கேளுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். பஸ் செலவையும், அன்றைக்குப் போகும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

20,000 ரூபாயை மாதம் 2,000 அசலாக 10 மாதத்தில் திருப்புவதாக வைப்போம். குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் மொத்த வட்டி 1,100 ரூபாய். வெளியே நூற்றுக்கு 5 ரூபாய் என்றால் 5,500 ரூபாய். வித்தியாசம் 4,400 ரூபாய் நம் கையில் நிற்கும்.

கழற்றிய பிறகும் வேலை உண்டு

கிளிப்பைக் கழற்றியவுடன் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அதை நிறுத்தி வைப்பது ரிடெய்னர். முதலில் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும், மருத்துவர் சொல்லும் வரை போட வேண்டும். இரண்டு வருஷப் பாடும் கடனும் இதைப் போடாமல் விட்டால் வீண்.

அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? உடனே கடன் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. முதலில் கல்லூரியில் காட்டி, மொத்தச் செலவை எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அந்தத் தாய் இரண்டு வாரத்தில் சீட்டோடு வந்தார். அண்ணத்தில் பல் குத்திப் புண்ணாகியிருப்பதை மருத்துவர் எழுதியிருந்தார். அன்றைக்கு "அழகுக்கெல்லாமா" என்று கேட்ட அக்காதான் தீர்மானத்தை முன்மொழிந்தார். கடன் ஒரே மனதாக நிறைவேறியது.

உங்கள் குழுவிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி வெளிச்சத்தில் "ஆ காட்டு கண்ணு" என்று ஒரு தடவை வாயைப் பார்த்துவிடுங்கள்.