கீழாநெல்லியும் ஒரு சொட்டு இரத்தமும்

வீட்டில் எவருக்கேனும் கண் மஞ்சளித்தால், "கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடு" என்று பாட்டி சொல்வதைப் புதுவையில் நம்மில் பலர் கேட்டிருப்போம். மழை ஓய்ந்ததும் மதிலோரங்களில் தானே முளைக்கும் சிறு செடி அது. இலைகளின் கீழே குட்டி நெல்லிக்காய்கள் போன்ற காய்கள் வரிசையாய் இருப்பதால் இப்பெயர் பெற்றது. பாட்டியின் கைவைத்தியத்தை அறிவியல் எவ்வாறு சோதித்தது? அதை அறிய, முதலில் ஓர் இரத்த ஆராய்ச்சியாளரைப் பற்றி அறிவோம்.

மஞ்சள் காமாலை தனி நோயன்று. பெரும்பாலும் ஈரல் நலிவுற்றதைக் காட்டும் அறிகுறியாகும். அசுத்த நீரால் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் 'பி' வகைக் கிருமியோ சிலரது உடலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கி, ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது.

அமெரிக்க அறிஞர் பரூச் புளும்பெர்க் இக்கிருமியைத் தேடிப் புறப்படவில்லை. மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையே ஆராய்ந்தார். இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் பலமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். ஆகவே அயலார் புரதங்களுக்கான எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் இருக்கும் அன்றோ? 1963-இல் அத்தகைய ஒருவரின் இரத்தத் தெளிநீர், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் தெளிநீரோடு வினைபுரிந்து ஒரு கோட்டைத் தோற்றுவித்தது. அப்புதிய பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' எனப் பெயரிட்டனர்.

அது யாதென விளங்க உதவியவர்களுள் ஒருவர், அவ்வாய்வகத்தில் பணியாற்றிய பார்பரா வெர்னர் என்னும் பெண்மணி. 1967-இல் உடல் சோர்வுற்றபோது அவர் தம் இரத்தத்தையே சோதித்தார். முன்பு இல்லாத அப்பொருள் இப்போது தென்பட்டது. அவருக்குக் காமாலையும் கண்டது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் 'பி' கிருமியின் புற உறையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புளும்பெர்க் 1976-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இனி நம் கீழாநெல்லிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், புளும்பெர்க்குடன் இணைந்து நடத்திய சோதனை 1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. 'பி' கிருமியை உடலில் தாங்கியோருள் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லித் தூளும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற வெறுந்தூளும் 30 நாட்கள் அளித்தனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் அந்த ஆன்டிஜென் மறைந்திருந்தது. மற்ற 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. உலகம் வியந்தது. ஆயினும் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் பின்னர் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை.

வெறுந்தூள் எதற்கு என்று நாம் கேட்கலாம். தானே தணியும் காமாலையையும் மருந்து தணித்ததாகவே நாம் எண்ணிவிடுவோம். இரு பிரிவினரை ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். ஒரு முறை கண்டது போதாது, மறுமுறையும் காண வேண்டும் என்பது அறிவியலின் நேர்மை.

புளும்பெர்க்கின் கண்டுபிடிப்பால் உறுதியான பயன்கள் இரண்டு விளைந்தன. தானமாகப் பெறும் இரத்தத்தை இக்கிருமிக்காகச் சோதித்த பின்னரே பிறருக்கு ஏற்றுகின்றனர். இந்நோய்க்குத் தடுப்பூசியும் கிடைத்தது. இந்தியாவில் 2002-இல் சில இடங்களில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் நாடெங்கும் விரிந்தது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு முதல் ஊசி போடுவது தாய்வழித் தொற்றைத் தடுக்கும்.

எனவே தோழியரே, பாட்டியின் அன்பைப் போற்றுவோம். ஆனால் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியோடு நின்றுவிடாமல், ஜிப்மருக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ சென்று இரத்தத்தைச் சோதிப்போம். வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்தால், "முதல் ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்கும் முதல் குரல் நம்முடையதாகட்டும்.