பாட்டுக் கேட்க ஓர் அறை

மூட்டைகள் விற்றுக் காலியான குடோனில் குரல் கொடுத்தால் எதிரொலிக்கும். சரக்கு நிறைந்திருந்தால் எதிரொலிக்காது. இது வணிகர்கள் அறிந்ததே. வீட்டில் பாட்டுக் கேட்கத் தனி அறை அமைக்க விரும்பும் பெரம்பலூர், அரியலூர் வணிக நண்பர்கள் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே இரைச்சலாகவே ஒலிக்கும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. சிமெண்டுச் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். பெரம்பலூர்க் கரிசலில் விளையும் பருத்தியோ ஒலியை வாங்கிக்கொள்ளும். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சே புரியாதிருந்த ஒரு மண்டபத்தைச் சீராக்கும் பொறுப்பு பேராசிரியர் சபைனிடம் வந்தது. அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அதிலிருந்து வளர்ந்தது.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாக இருக்கக் கூடாது. மூன்றும் 10 அடியானால், 56 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள தடித்த ஒலி மட்டும் மிகுந்து, அறை கும்மென்று அதிரும். மெல்லிய திரையும் முட்டை அட்டையும் இதை அடக்கா. மூலைகளில் கனத்த பஞ்சுத் திண்டுகள் வேண்டும். ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தாலும் இந்த அதிர்வு கூடும். சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பஞ்சும் ஃபோமும் எளிதில் தீப்பற்றும். கீழே கடையில் எண்ணெய் டின்னும் சாக்கும் இருக்க, மாடியில் அறை அமைப்போர் எரியாத ராக் ஊல் பலகைகளையே பயன்படுத்த வேண்டும். மின்கம்பிகளையும் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பாட்டுக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் வரலாகாது என்பதே நம் வேண்டுகோள்.